எலி செய்த வேலை

ஆர்.எஸ். பிரசன்னா இயக்கி 2025 ஜூனில் வந்த 'சிதாரே ஜமீன் பர்' பற்றி என் நண்பர்கள் பேசியதெல்லாம் ஆமிர் கானின் மனமாற்றத்தைத்தான். எனக்கு உறுத்துவது நடுவில் வரும் குளியல் விவகாரம்.

குட்டுவுக்குத் தண்ணீர் என்றால் பயம். குளிக்கமாட்டார். (நண்பர்கள் 'அந்தப் பையன்' என்கிறார்கள். வளர்ந்த மனிதர்யா அவர்!) பயிற்சியாளர் குல்ஷன் ஒரு எலியை வைத்து வேலை காட்டுகிறார், எலியைக் காப்பாற்றப் போய் குட்டு நனைகிறார். பயம் போச்சு, தியேட்டரில் கைதட்டல். மூலமான ஸ்பானிஷ் படம் 'காம்பியோனெஸ்' (2018) படத்திலும் இதே எலிதான். சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை.

ஆனால் அந்த அணியில் ஆட்டிசம் உள்ளவர்களும் இருக்கிறார்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் படம் வைத்திருப்பது ஒரே மருந்து: அன்பும் கொஞ்சம் தந்திரமும். ஆட்டிசம் உள்ள சிலருக்கு ஷவர் தண்ணீர் தோலில் விழுவதே வலி. பயத்தை ஏமாற்றிப் போக்கலாம், வலியை எப்படி ஏமாற்றுவது? எங்கள் தொழிலில் சொல்வதானால், பக் சாஃப்ட்வேரில் இருக்க, யூசருக்கு பேட்ச் போடுகிற கதை.

கூடைப்பந்து அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸர், ஷூ தேயும் கிறீச், தகரக் கூரையில் மோதித் திரும்பும் விசில். இதையெல்லாம் யோசித்து நடத்தும் பயிற்சிகளில் முதல் நாளுக்கு முன்பே இடத்தின் படங்களை அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு எதற்குப் பின் எது என்று பலகையில் படமாக ஒட்டியிருக்கும். விசிலுக்குப் பதில் கைச்சைகை. தாங்கமுடியாதபோது யாரையும் கேட்காமல் போய் உட்கார ஓர் அமைதியான மூலை. திரும்பி வந்தால் 'என்னாச்சு' என்ற விசாரணை இல்லை. பெரிய செலவு எதுவும் கிடையாது. படத்தில் குல்ஷன் மாறுகிறார், அரங்கம் மாறுவதை நான் பார்க்கவில்லை.

தியேட்டரும் மாறவில்லை. அமெரிக்காவில் ஏஎம்சி திரையரங்குகள் 2007 முதலே விளக்கை முழுக்க அணைக்காமல், ஒலியைக் குறைத்து, எழுந்து நடக்கலாம் பாடலாம் என்று தனிக் காட்சிகள் நடத்துகின்றன. நான் பார்த்த காட்சியில் கும்மிருட்டு, காதைக் கிழிக்கும் சத்தம். முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தியபடி இருந்தார், அம்மா அவரை அடக்கிக்கொண்டே இருந்தார்.

நடிகர்கள் பத்துப் பேரும் அற்புதம், அதில் எனக்கு வழக்கே இல்லை. இறுதிப் போட்டியில் தோற்றதும் எதிரணியைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்களே, படத்தின் உச்சம் அதுதான். அந்த ஐந்து நிமிஷம் யாரும் அவர்களைத் திருத்தவில்லை. குல்ஷன்தான் முழிக்கிறார்.