கங்கா தேவியின் கோடு: மரபுக் காப்பும் நகர்வும்

பீகாரின் மிதிலைப் பகுதியில் மணவறைச் சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியுமாக வரையப்படும் ‘கோபர்’ ஓவியம், தாய்வழி மகளிர்க்கு வழங்கிவரும் குடும்பச் செல்வமாகும். அது காலப்போக்கில் மங்கும். அடுத்த மணத்திற்கு மீண்டும் வரையப்படும். 1960களின் பிற்பகுதியில் நேர்ந்த வறட்சியை அடுத்து, வருவாய் கருதி இவ்வோவியம் தாளுக்கு இடம்பெயர்ந்தது.

அத்தாளில் கங்கா தேவி (1928–1991) கோபரோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கப் பயணத்தில் கண்ட ரோலர் கோஸ்டரையும், தம் புற்றுநோய்ச் சிகிச்சை அனுபவங்களையும் வரைந்தார். பொருள் புதிது, எனினும் நுண்கோடுகளால் உருவை நிரப்பும் ‘கச்னி’ முறை மாறவில்லை. மரபு அவருக்கு எதனையும் காணவல்ல கண்ணாக அமைந்தது எனலாம். உருவங்களின் தூய்மையை மட்டும் மரபாகக் கொள்ளும் திறனாய்வு இதனைக் காணத் தவறுகிறது.

நோயுற்ற நிலையில் புதுதில்லிக் கைவினை அருங்காட்சியகச் சுவரில் அவர் வரைந்த கோபர், 2015இல் சீரமைப்புப் பணியின்போது அழிந்தது. மிதிலை வீட்டில் சுவரோவியம் மறைவது இழப்பன்று; மீண்டும் வரைய மகள் இருக்கிறாள். அருங்காட்சியகச் சுவருக்கோ மகள் இல்லை. மரபைக் கற்பிப்போர் சுவரைக் காப்பதோடு, வரையும் கையையும் வளர்த்தல் வேண்டும்.