நன்னூற் பொதுப்பாயிரமும் ஆசிரியப் பயிற்சியும்: ஒரு நோக்கு

நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லல், மாணாக்கன், பாடங் கேட்டல் என்னும் ஐந்தன் இயல்புகளையும் நன்னூலின் பொதுப்பாயிரம் கூறுகின்றது. இலக்கணங் கற்கப் புகுவோர் அதனை மனனஞ்செய்து, விரைந்து எழுத்ததிகாரத்துட் செல்வதே பெருவழக்கு. எனினும், அது கற்பித்தல் பற்றிய ஒரு கோட்பாடுமாகும். ஆசிரிய மாணவர்க்கு முதிர்ந்த ஆசிரியர் ஆற்றவேண்டிய பணியை விளங்கிக்கொள்ள அக்கோட்பாடு எவ்வளவு துணைசெய்யும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஆசான் உரைத்ததைச் செவ்வனே கேட்டுக்கொண்டவனும் புலமையிற் காற்பங்கே பெறுவான். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். இது பொதுப்பாயிரத்தின் கணக்கு. ஆசிரியத் தொழிலுக்கு இதனைப் பொருத்தின், விரிவுரை மண்டபம் காற்பங்கும், விடுதித் தோழமை காற்பங்கும், வகுப்பறை அரைப்பங்கும் தருவனவாகும். இலங்கையில் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளில், மூன்றாண்டுப் பயிற்சியின் இறுதியாண்டு பாடசாலையிற் கட்டுறுபயில்வாக வகுக்கப்பட்டமை இக்கருத்தோடு ஒத்துச்செல்வதாகும்.

ஆயின், எடுத்துரைப்பவனை உடனிருந்து நோக்குபவர் யாவர் என்பதைப் பாயிரம் கூறவில்லை. எடுத்துரைத்தலே திருத்தமும் தரும் என அது கருதியது போலும். வகுப்பறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. வினாவை எழுப்பிவிட்டு விடைக்குக் காத்திராமல் தாமே விடைகூறுதல், முன்வாங்குப் பிள்ளைகள் இருவரையே மீண்டும் மீண்டும் வினாவுதல், கரும்பலகையை நோக்கியே பேசுதல் ஆகிய குறைகள் செய்பவர்க்குத் தெரிவதில்லை. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அனுபவசாலிக்கு அவை உடனே புலனாகும். ஆண்டு முழுவதும் தனித்து விடப்படின், குறைகள் பழக்கமாய் இறுகிவிடும்; அதன் இழப்பு பிள்ளைகளுக்கே.

முதலில் மூத்தவரின் பாடத்தைப் பார்த்தல், பின் இருவரும் கூடிப் பாடக்குறிப்பு எழுதுதல், அடுத்துப் பாடத்தின் ஒரு பகுதியை மட்டும் கற்பித்தல், இறுதியில் முழுப்பாடத்தையும் ஏற்றல் என்ற படிமுறை வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் பின்னும் ஒரு குறையையே எடுத்துப் பேசுவது நன்று. பத்துக் குறைகளை ஒருங்கே அடுக்கினால் அச்சமே எஞ்சும்.

ஆசிரியராகாதார்க்குப் பாயிரம் காட்டும் உவமைகளும் இங்குப் பயன்தருவன. தானாக விழுவதன்றிப் பிறர் ஏறிக் கொள்ளவியலாத மடற்பனை, கேட்டால் மட்டும் வாய்திறந்து, அணுகவும் இடங்கொடாத மூத்தவர். வரிசையாக இட்டதை முறைபிறழ்ந்து சொரியும் கழற்குடம், தம் அனுபவத்தை ஒழுங்குபடுத்தாது கொட்டுபவர். பருத்திக் குண்டிகை, புதியதைத் தாமும் எளிதிற் கொள்ளாது, பிறர்க்கும் எளிதிற் கொடாதவர். நீர்வார்த்தவனுக்கு உதவாது பிறருக்குக் காய் தரும் முடத்தெங்கு, ஆசிரிய மாணவரின் உழைப்பைத் தம் ஓய்வுக்காகவே பயன்கொள்பவர்.

பாயிரத்தை முற்றாக ஏற்றலும் தகாது. ஓவியப் பாவைபோல் அடங்கியிருக்கும் மாணாக்கனையே அது வேண்டுகின்றது. அவ்வடக்கம் பாடங் கேட்பார்க்குப் பொருந்தலாம். நாளை தாமே தீர்மானிக்கவேண்டிய ஆசிரியர்க்குப் பொருந்தாது. 'இவ்விடத்தில் நீங்கள் ஏன் இவ்வாறு செய்தீர்கள்?' என்று மூத்தவரைக் கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும். மூத்தவரின் அறிவிற் பெரும்பகுதி அவர் கைப்பழக்கத்திலேயே உள்ளது. வினாவே அதனைச் சொல்லாக்குகின்றது. அதனால் மூத்தவரும் தம் தொழிலை மீள நோக்குவர்.

இவ்வுறவுக்கு இரண்டு தடைகள் நேரலாம். வழிகாட்டுபவரே புள்ளியும் இடுவாராயின், இளையவர் தம் இடர்களை மறைப்பார். மறைக்கப்பட்டதைத் திருத்துதல் இயலாது. நேரசூசியில் இப்பணிக்கெனப் பாடவேளை ஒதுக்கப்படாவிடின், அது மணியடித்தபின் நடைவழியிற் பேசும் இரு சொற்களாய்க் குறுகிவிடும். எனவே, வழிகாட்டலும் மதிப்பீடும் வெவ்வேறு கைகளில் இருத்தலும், வழிகாட்டலுக்கு உரிய பாடவேளை ஒதுக்கப்படுதலும் இன்றியமையாதன. இவையின்றேல், பாயிரம் கூறும் அந்த அரைப்பங்கு நிரம்புவது அரிதாகும்.