பிளெட்ச்லி பார்க்கின் அட்டைகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானிய எனிக்மா இயந்திரத்தின் மறைகுறிகளை உடைத்த கணித அறிஞர்கள் பெற்ற புகழில் சிறு பங்குகூட, அவர்கள் தந்த செய்திகளுக்குப் பொருள் கூட்டிய அட்டைச் சுட்டிக்கு, அதாவது ஒவ்வொரு பெயருக்கும் தனி அட்டை ஒதுக்கி வரிசைப்படுத்திய குறிப்புத் தொகுதிக்கு, கிட்டியதில்லை. ஜெர்மானியத் தரைப்படை, விமானப்படைச் செய்திகளைக் கையாண்ட மூன்றாம் குடில் என்ற பிரிவில், படைப்பிரிவு, அதிகாரி, ஊர், கருவி எனச் செய்தியில் வந்த ஒவ்வொரு பெயரும் பிரித்தெடுக்கப்பட்டு உரிய அட்டையில் பதியப்பட்டது. பெரும்பாலும் இளம்பெண்களே செய்த இப்பணி சலிப்பூட்டக்கூடியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அதன் அழகு அந்தச் சலிப்பிலேயே இருக்கிறது. எது முக்கியம் என்று பதிகிறவர் அப்போதே தீர்மானிக்க முற்படாமல், ஓர் அதிகாரியின் இடமாற்றத்தையும் உதிரிபாகக் கோரிக்கையையும் ஒரே அக்கறையுடன் எழுதி வைத்ததால்தான், பல மாதங்கள் கழித்து அதே பெயர் வேறொரு ஊரிலிருந்து ஒலித்தபோது, ஒரு படைப்பிரிவே இடம்பெயர்ந்திருக்கக்கூடும் என ஆய்வாளர் ஊகிக்க முடிந்தது. குறுக்குக் குறிப்பு, அதாவது ஓர் அட்டையிலிருந்து மற்றொன்றைத் தேடச் சொல்லும் சிறு வரி, இந்த ஊகத்திற்கு வழியமைத்தது. அதே வளாகத்தில், மறைகுறிகளில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைத் தேட, ஃப்ரெடெரிக் ஃப்ரீபார்ன் தலைமையிலான பிரிவு ஹாலரித் இயந்திரங்களில் துளையட்டைகளைப் பயன்படுத்தியது. ஆனால் தெளிந்த செய்தியைப் படித்து, எந்தச் சொல்லை எந்த அட்டையில் ஏற்றுவது என முடிவுசெய்ய மனிதக் கண்ணே வேண்டியிருந்தது. 1974இல் பிளெட்ச்லியின் ரகசியத்தை வெளிப்படுத்திய விண்டர்பாதமின் நூல் வெளியாகும்வரை, அட்டைப் பணியைச் செய்தவர்கள் அதைப் பற்றி வீட்டிலும் பேச இயலவில்லை.