நோய்க்குப் பெயரிடும் தமிழ்

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்தில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். செய்யுளும் உரையும் எட்டாத வீடுகளிலும் நாள்தோறும் வழங்கும் சொற்கள் உள. நோயின் பெயர் அவற்றுள் ஒன்று. புலவன் ஒருவனது உவமை பிழைபடின் பழி அவனோடு நிற்கும். நோயின் பெயர் பிழைபடின் ஒருவனுக்குக் கை விழும். ஒரு பெண்ணுக்குப் பேசி வைத்த திருமணம் நின்றுபோகும். ஆகலின் கவிஞனின் சொல்லை நிறுக்கும் தராசிலேயே வைத்தியத்தின் சொல்லையும் நிறுத்துப் பார்ப்பது தகும் என்பது நம் கருத்து. நிறுக்கும் படிக்கல் ஒன்றே: பெயரைக் கேட்ட தாயொருத்தி, எங்கே போகவேண்டும், எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டுவதில்லை என்று அப்பெயரால் அறிகின்றாளா? தோல், மூளை, மனம் ஆகிய மூன்றைச் சார்ந்த பெயர்களையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். காய்ச்சலையும் வயிற்று வலியையும் நம்மவர் மறைப்பதில்லை, இம்மூன்றையுமே மறைக்கின்றனர்.

தோலில் தொடங்குவோம். நிறத்தைத் தரும் உயிரணுக்களை உடம்பின் காவற்படையே தவறுதலாகத் தாக்கி அழிப்பதால் தோல் ஆங்காங்கே வெளுக்கின்றது. தொட்டால் ஒட்டாது, உயிருக்குக் கேடில்லை. இதற்கு நம்மவர் இட்ட பெயர் வெண்குட்டம். குட்டத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. குட்டம் ஒருவகைக் கிருமியால் வருவது. அக்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ம் ஆண்டில் கண்டார். தொடர்பில்லா நோயின் பெயரைச் சுமந்ததால் வெளுத்த தோலுடைய பெண்கள் எத்தனையோ பேர் கதவுக்குப் பின்னால் முதுமை எய்தினர். வெண்புள்ளி என்று இப்பொழுது பலர் எழுதுகின்றனர். நிறத்தைச் சொல்கிறது, வடிவைச் சொல்கிறது, அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. நல்ல பெயர்.

குட்டத்தையே எடுத்துக்கொண்டாலும், அச்சொல் 1930-ம் ஆண்டில் திறக்கப்பட்ட சுங்கை பூலோக் குடியிருப்பின் வேலிகளை இன்னும் சுமந்து நிற்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 1981-ம் ஆண்டில் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் அந்நோய் குணமாகும்; மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். வேலி போயிற்று, சொல் போகவில்லை.

படர்தாமரை என்ற பெயரை வைத்தவன் கவியாகத்தான் இருத்தல் வேண்டும். வட்டமாய் விரியும் அழகையும் சொன்னான், படரும் என்ற எச்சரிக்கையையும் முன்னாலேயே வைத்தான். அக்கியோ வேறு கதை. அது தோலில் தோன்றினும் உறைவது நரம்பில். சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமியே நரம்பின் வேரில் பல்லாண்டு உறங்கி எழுந்து, அந்நரம்பு செல்லும் பாதையில் பட்டையாகக் கொப்புளிக்கின்றது. நம்மவர் காவி மண்ணைக் குழைத்து அதன்மேல் அக்கி எழுதுவர். எழுதுவதால் தீங்கில்லை எனலாம்; எழுதிவிட்டுக் காத்திருக்கும் மூன்று நாளில்தான் தீங்கு, ஏனெனில் டாக்டரின் மருந்து நன்கு வேலை செய்வது அம்மூன்று நாளுக்குள்ளேயே. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து.

இனி மூளை. பக்கவாதம் என்ற சொல்லருகே சற்று நின்று பார்த்தல் வேண்டும். வாதம், பித்தம், கபம் என முக்கூறாக உடம்பைக் கண்ட பழைய வைத்தியர், அசைவையெல்லாம் வாதம் எனும் காற்றின் தொழிலாகக் கருதினர். ஒரு பக்கம் அசைவற்று விழுந்தால் அப்பக்கத்துக் காற்றுக் கெட்டது என்பது அவர் துணிபு. நம் அயலாராகிய மலாய்க்காரரும் இதனை அங்கின் அஹ்மார், அஃதாவது செங்காற்று, என்றே வழங்கினர். அக்காலத்து அறிவுக்கு இவை நேர்மையான பெயர்களே. காரணமென்று நம்பியதைப் பெயரில் வைத்தார்கள். செய்யவேண்டியதும் பெயரிலேயே கிடைத்தது: காற்றைத் தணிக்கும் தைலம், ஒற்றடம், உருவுதல்.

இன்று காரணம் தெரியும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுகின்றது, அல்லது வெடிக்கின்றது. மூளையின் இடப்பாகம் கெட்டால் உடம்பின் வலப்பக்கம் விழும். அடைப்பாயின் அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். வெடிப்பாயின் அதே மருந்து உயிரைக் குடிக்கும். எதுவென்று தலையைப் படமெடுத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. இத்தனை அவசரத்தில் ஒரு சொல்லாயினும் பக்கவாதம் என்ற பெயரில் உண்டா? முழங்கால் வலிக்குச் சொல்லும் கீல்வாதமும் வாதம், விரல் மடங்கும் முடக்குவாதமும் வாதம், இதுவும் வாதம். வாய் கோணி, கை தொங்கி, நாக் குழறும் தந்தையை மகன் தைலக்காரரிடம் கொண்டு செல்கின்றான். அவன் மூடனல்லன், தன் மொழி காட்டிய வழியே சென்றவன்.

இதனோடு மாரடைப்பு என்ற சொல்லை ஒப்பிட்டுப் பாருங்கள். மார்பு என்கிறது, அடைப்பு என்கிறது. அதைக் கேட்டவர் எவரும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவதில்லை; வண்டியைத் தேடுகின்றனர். மூளையடைப்பு என்று வழங்கினால் என்ன? வெடிப்பை அது சேர்க்கவில்லை என்று டாக்டர்கள் குறை சொல்லலாம். ஆயினும் பெரும்பாலானவை அடைப்பே. பெயரால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டவனுக்கு எஞ்சிய நுட்பத்தை அங்குள்ளவர் சொல்லிக்கொள்ளட்டும்.

காக்காய் வலிப்பில் காக்கைக்கு என்ன வேலை? கால் கை வலிப்பு என்பதே பேச்சில் மருவிக் காக்கையாயிற்று என்பர் சிலர். திரிந்தது எவ்வாறாயினும் பறவையொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. இதில் நாம் மட்டும் விதிவிலக்கல்லோம். மலாய் நாட்டுப் பழைய வழக்கில் இந்நோய்க்குப் பன்றியின் பெயர். சீனர் வழக்கில் ஆட்டின் பெயர். மூவினத்தாரும் ஒரே நோயாளியைச் சூழ்ந்து நின்று, ஆளுக்கொரு விலங்கை அவன்மேல் ஏற்றினர்! மூளையின் நரம்பணுக்கள் தம்முள் அனுப்பும் மின்துடிப்பு ஒருகணம் முறைதவறிப் பொங்குவதே இந்நோய் என்பது இன்று தெளிவு. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானியர் 1924-ம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளைத் தாளில் பதிவு செய்து, அதனைக் காணும் வழியைத் திறந்தார். ஒழுங்காக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுந்தவன் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை; வாயில் கரண்டியைச் செருகுவது கேடு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, நேரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி வண்டியை அழைக்கவேண்டும்.

வலிப்பு என்ற சொல்லில் மற்றொரு குறையும் உண்டு. இந்நோயில் கைகால் இழுக்காத வகை உண்டு. பிள்ளை பேசிக்கொண்டிருக்கையில் சில விநாடி விறைத்து நோக்கி நிற்கும், கூப்பிட்டால் கேளாது, பின் ஒன்றும் நடவாததுபோல் தொடரும். ஒரு நாளில் பல முறை இவ்வாறு நேரலாம். இழுப்பு இல்லாததால் பெற்றோருக்கு அது வலிப்பாகத் தோன்றுவதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பிள்ளைக்குக் கிடைக்கும் பட்டம் கவனக்குறைவு, கிடைக்கும் மருந்து பிரம்பு.

மனத்தைப் பற்றிய சொற்களுக்கு வருமுன் இலக்கணம் ஒன்றைக் கவனிப்போம். தமிழில் நோய் நான்காம் வேற்றுமையில் வரும். அவனுக்குக் காய்ச்சல், அவளுக்கு அம்மை, எனக்குத் தலைவலி. நோய் வேறு, ஆள் வேறு. நடுவே ஒரு குவ்வுருபு வேலிபோல் நிற்கின்றது. மனம் நோயுற்றால் மட்டும் அவ்வுருபு உதிர்ந்துவிடுகின்றது. அவன் பைத்தியம்; அவள் கிறுக்கு. ஆளே நோயாகிவிடுகின்றான். பைத்தியம் பிடித்தது என்று சொல்வதில் ஓரளவு இரக்கம் இருந்தது, பிடித்தது விடவும் கூடுமன்றோ? சளி பிடித்தவனைச் சளிக்காரன் என்று யாரும் அழைப்பதில்லை. பைத்தியக்காரன், குஷ்டரோகி என்ற பட்டங்களோ குணமான பின்னும் ஒட்டிக்கொள்கின்றன. பைத்தியம் என்ற சொல்லும் பித்தத்தின் வழி வந்ததே. வாதத்தைப் போல அதுவும் ஒருகாலத்தில் வைத்தியச் சொல்லாய் இருந்து வசைச் சொல்லாயிற்று. சிவனையே பித்தன் என்று பாடிய நம் மொழி, லயத்து வீட்டில் தனியே பேசிக்கொண்டிருக்கும் இளைஞனிடம் அவ்வளவு கனிவு காட்டவில்லை.

அவ்விளைஞனுக்குப் பிறர் கேளாத குரல்கள் கேட்கின்றன. அயலார் தனக்கெதிராகச் சதி செய்வதாக உறுதியாய் நம்புகின்றான். பேய் என்று பூசாரியிடம் சென்று மாதங்கள் கழிந்தபின் டாக்டரிடம் வருகின்றனர். டாக்டர் சொல்வது ஸ்கிசோப்ரினியா. தாயின் செவிக்கு அது வெறும் ஓசை. தமிழில் சொல்லுங்கள் என்றால் மனச்சிதைவு என்கின்றனர். இம்மொழிபெயர்ப்பே நம் முதன்மையான குற்றச்சாட்டுக்கு உரியது. சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் 1908-ம் ஆண்டில் கிரேக்கச் சொற்களைக் கூட்டி, பிளவுற்ற மனம் என்ற பொருளில் அப்பெயரைப் படைத்தார். நினைவும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இசையாமற் போவதையே அவர் கருதினார். தமிழில் சிதைவு என்றால் என்ன? இடிந்த கோட்டை சிதைவு. அழுகிய பிணம் சிதைவு. தாய்மார் நன்கறிந்த மற்றொன்று கருச்சிதைவு. சிதைந்தது மீளாது என்பது இச்சொல்லின் உள்ளீடு. 1908-ல் இந்நோய்க்குத் தக்க மருந்தில்லை என்பது மெய். 1952-ம் ஆண்டில் குளோர்புரோமசின் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதிலிருந்து நிலைமை மாறிற்று; மருந்தோடு வேலைக்குச் செல்வோரும் குடும்பம் நடத்துவோரும் பலர். இவர்களையெல்லாம் சிதைந்த மனத்தினர் என்று சீட்டு எழுதி அனுப்புகிறோம்.

பெயர் மாற்றக்கூடியதே என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கும் மனப்பிளவு நோய் என்றே மொழிபெயர்த்திருந்தனர். அச்சொல்லைச் சொல்லக் கூசி டாக்டர்கள் நோயாளியிடமே நோயின் பெயரை மறைத்து வந்தனர். நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் 1993-ம் ஆண்டில் விடுத்த வேண்டுகோளின் பயனாக, 2002-ம் ஆண்டில் ஒருங்கிணைவுக் குறை என்ற பொருளுடைய பெயர் ஏற்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே தம் நோயின் பெயரை அறிந்த நோயாளிகளின் விகிதம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. கொரியர் 2011-ம் ஆண்டில் இன்னும் அழகாகச் செய்தனர்: இசைக் கருவியின் தந்தியைச் சுருதி கூட்டுதல் என்ற பொருளை வைத்துப் பெயரிட்டனர். இது நமக்கல்லவா தோன்றியிருக்கவேண்டும்! யாழின் தந்திக்கும் உடம்பின் இழைக்கும் நரம்பு என்ற ஒரே சொல்லை வைத்திருப்பவர் நாம். சுருதி விலகிய வீணையை எவரும் அடுப்பில் இடுவதில்லை. நரம்பைத் திருகிச் சரிசெய்வர்.

பெயர் மாற்றினால் இழிவு மாறுமா என்ற தடை எழும். அதனைத் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூரில் 1928-ம் ஆண்டில் திறக்கப்பட்ட மனநோய் ஆஸ்பத்திரிக்கு 1951-ல் ஊட்பிரிட்ஜ் என்று பெயரிட்டனர். அருகிலிருந்த மரப்பாலத்தின் பெயர் அது. பாலத்தைப் போல் குற்றமற்ற பொருள் வேறென்ன உண்டு? ஒரு தலைமுறைக்குள் ஊட்பிரிட்ஜ் என்பதே வசையாயிற்று. 1993-ல் மனநலக் கழகம் ஆயிற்று. பேராக்கில் 1911-ம் ஆண்டில் திறந்த ஆஸ்பத்திரி பின்னாளில் மகிழ்ச்சி என்று பொருள்படும் பஹாகியா என்ற மலாய்ப் பெயர் பெற்றும், தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரைச் சொல்லி நகைப்பவர் இன்றும் உளர். இவை மறைக்கும் பெயர்கள். மறைவுக்குப் பின்னால் இருப்பது தெரிந்தவுடன் திரையும் அழுக்காகின்றது. நாம் வேண்டுவது விளக்கும் பெயர். மாரடைப்பை இன்றுவரை எவரும் வசையாக்கியதில்லை.

இன்னொரு கூட்டத்தாரையும் விட்டுவிட மனமில்லை. சீர்திருத்த மேடையேறி, சாதி சமூகத்தின் குஷ்டம் என்றும், எதிர்க்கட்சியாரின் பேச்சு பைத்தியக்காரத்தனம் என்றும் முழங்கும் நம் நண்பர்கள் அவர்கள். சாதியைச் சாட வேறு உவமை கிட்டவில்லையா? மருந்துண்டு குணமான ஒருவர் அவைக் கடைசியில் அமர்ந்து கைதட்ட முடியாமல் இருப்பதை மேடையிலிருந்து காண்பது அரிது.

மன அழுத்தம் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது. வேலைப் பளுவால் வரும் நெருக்கடிக்கும் அதுவே பெயர். மாதக்கணக்கில் உணவும் உறக்கமும் உயிராசையும் அற்றுப்போகும் நோய்க்கும் அதுவே பெயர். இரண்டாவதை மனச்சோர்வு என்று பிரித்துச் சொல்வது நல்லதே. ஆனால் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போகிறவரிடம் சோர்வாக இருக்கிறதா என்று கேட்டால், யாருக்குத்தான் இல்லை என்பார். நெஞ்சை அடைக்கிறது, ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை என்று அவர் தாமாகச் சொல்லும் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளும் டாக்டரே தமிழறிந்தவர்.

முதியோரின் நினைவு தேய்ந்து, பழகிய வழியே தவறி, பெற்ற மகளை யாரென்று கேட்கும் நோய்க்கு முதுமை மறதி என்ற பெயர் வழங்குகின்றது. முதுமையில் வரும் மறதிதானே என்று வீட்டார் இருந்துவிட அப்பெயரே இடம் தருகின்றது. இது மூளையின் நோய். தைராய்டுக் குறையாலோ பி12 உயிர்ச்சத்துக் குறையாலோ வந்த தடுமாற்றமாயின் மருந்தால் திருந்தவும் கூடும். இதற்கு நிறைவான சொல் நம் கைக்கு இன்னும் அகப்படவில்லை. தோட்டங்களிலும் கம்பங்களிலும் பாட்டிமார் வாயில் இந்நோய்க்கு ஏதேனும் சொல் வழங்குமாயின் அன்பர்கள் எழுதியனுப்புக. எந்த ஊரில், எவர் வாயில் கேட்டது என்பதையும் உடன் குறித்தால் அடுத்த இதழ்களில் எடுத்து ஆராய்வோம்.