கழுத்துக்கு ஏற்ற கரகம்

கரகாட்டம் பார்க்க உட்கார்ந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் சலங்கைக் காலுக்குப் போகும். என் கண் செம்புக்குப் போகும். நையாண்டி மேளம் எடுத்து, ஆட்டக்காரர் முதல் பத்து அடி வைப்பதற்குள், அந்தச் செம்பு அந்தக் கழுத்துக்குப் பொருந்துகிறதா என்பது தெரிந்துவிடும். பொருந்தியிருந்தால் கால் எவ்வளவு துள்ளினாலும் செம்பு ஒரே மட்டத்தில் மிதந்துகொண்டு போகும். பொருந்தாவிட்டால் எத்தனை சுற்று சுற்றினாலும், எத்தனை வித்தை காட்டினாலும் எனக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டாது. தஞ்சைப் பக்கத்துக் கரகத்தில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது இதைத்தான்: தன் உடம்பை அறிந்து, தனக்கான எடையைத் தானே வைத்துக்கொள்ளும் அந்த அறிவு.

காவிரிப் படுகையில் கரகம் இரண்டு வகை. ஒன்று அம்மனுக்கு எடுப்பது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஆற்றங்கரைக்குப் போய், அது காவிரியோ வெண்ணாறோ குடமுருட்டியோ, குடத்தில் நீர் மொண்டு, வேப்பிலை செருகி, பூச்சுற்றி, விரதமிருந்தவர் தலையில் ஏற்றி வருவது சக்தி கரகம். அதற்கு யாரும் எடை பார்ப்பதில்லை. குடம் கொண்ட நீர்தான் எடை. கோயிலில் இறக்கும்வரை சுமப்பதுதான் நேர்த்தி. இன்னொன்று ஆட்டக் கரகம். அதில் நீர் இல்லை. செம்பின் வயிற்றில் மணலோ அரிசியோ போட்டு, எவ்வளவு என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

செம்பைக் கையில் வாங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். அடிப்பாகத்தை உள்நோக்கித் தட்டிக் குழித்திருப்பார்கள். உச்சந்தலையின் வளைவில் அந்தக் குழிவு போய் உட்கார வேண்டும். வாய்க்கு மேலே மூங்கில் சிம்பில் கட்டிய கூம்பு, அதைச் சுற்றிப் பூ, உச்சியில் ஒரு கிளி. வயலில் கதிர்க்கட்டு தூக்குகிறவருக்குச் சும்மாடு உண்டு. சும்மாடு பாரத்தைத் தாங்கும், ஆனால் பாரத்துக்கும் மண்டைக்கும் நடுவே நின்று சேதியை மறைத்துவிடும். நல்ல கரகக்காரர் அதை விரும்பமாட்டார். செம்பு எந்தப் பக்கம் சாய நினைக்கிறது என்பதை அது சாயும் முன்பே தோல் சொல்லியாக வேண்டும். முடியைப் பின்னால் இறக்கி இறுகக் கட்டுவதும் இதற்காகத்தான்.

நான் தூக்கிப் பார்த்த கரகங்கள் ஐந்து கிலோ, ஆறு கிலோ இருக்கும். ஒரு மனிதத் தலையின் எடை ஏறக்குறைய நாலரையிலிருந்து ஐந்து கிலோ. அதாவது கழுத்து தினமும் சுமக்கிற தலைக்கு மேல் இன்னொரு தலையை ஏற்றிவைத்து ஆடுகிறார்கள். இதைக் கேட்டதும், குறைவாக வைத்துக்கொண்டால் சுலபமாக இருக்குமே என்று தோன்றும். புதிதாகப் பழக வருகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வெறும் செம்பை வைத்துக்கொண்டு ஆட முயன்று, இரண்டாவது சுற்றிலேயே கையால் பிடித்துக்கொள்கிறார்கள்.

வெறும் செம்பு ஏன் நிற்பதில்லை? மேலே உயரமாகப் பூக்கூம்பு நிற்கிறது. அடியில் கனம் இல்லை. எடையின் மையம் மேலே ஏறிவிடுகிறது. கிளி ஆடினால் கூம்பு ஆடும், கூம்பு ஆடினால் செம்பு ஆடும். அடியில் மணல் விழுந்ததும் மையம் கீழே இறங்கி உச்சந்தலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. நம் தலை ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. சின்னச் சின்ன நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். மேலே தக்க பாரம் ஏறினால் அந்த நடுக்கம் அடங்குகிறது, கழுத்துத் தசைகள் விழித்துக்கொள்கின்றன. ஆகவே எடை என்பது கரகக்காரருக்குச் சுமை மட்டும் இல்லை, பிடிமானமும் கூட.

அதற்காக ஏற்றிக்கொண்டே போக முடியுமா? கனம் மிஞ்சிய கரகத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். தோள் காதை நோக்கி ஏறும். தாடை முன்னால் நீளும். கழுத்து நரம்பு புடைக்கும். முகத்தில் சிரிப்பு இருக்கும், கண்ணில் இருக்காது. முக்கியமாக முழங்கால் மடங்குவதைக் குறைத்துக்கொள்ளும். கரகத்தின் ரகசியமெல்லாம் முழங்காலில் இருக்கிறது. பாதம் தரையில் மிதிக்கும் அதிர்ச்சியை முழங்காலும் இடுப்பும் வாங்கிக்கொண்டு மேலே விடாமல் நிறுத்தினால்தான் செம்பு அமைதியாக இருக்கும். பாரம் மிஞ்சினால் கால் மடங்கப் பயப்படும், அதிர்ச்சி நேரே கழுத்துக்குப் போகும், ஆட்டம் நடையாகிவிடும். கனம் குறைந்த கரகத்துக்கு வேறு அடையாளம். செம்பு போகிற பக்கம் தலை ஓடும். கண் மேலே மேலே போகும். கை இரண்டும் காற்றில் துழாவும். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம்மவர்கள் சொன்னது கழுத்துக்கும் பொருந்தும்.

மணலா அரிசியா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஒரு லிட்டர் அரிசி ஏறக்குறைய எண்ணூறு கிராம்தான் நிற்கும். உலர்ந்த மணல் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். மூன்று கிலோ ஏற்ற வேண்டுமானால் அரிசி செம்பின் கழுத்துவரை வந்துவிடும். மணல் வயிற்றோடு நின்றுவிடும். எடை ஒன்றுதான், ஆனால் மணல் போட்ட செம்பு தலையில் படிந்து உட்காரும். நெல் விளையும் பூமியில் அரிசியைத் தலையில் ஏற்றி ஆடுவதில் ஒரு மங்கலம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆட்டம் என்று வந்தால் என் வோட்டு மணலுக்கு. எதுவானாலும் உள்ளே புரளக் கூடாது. மேலே பழந்துணியைத் திணித்து இறுக்கிவிட வேண்டும். சுற்றி நிற்கும்போது வயிற்றுக்குள் மணல் நகர்ந்தால் ஆட்டக்காரருக்கு அந்தக் கணத்தில் வேறொரு செம்பு தலையில் வந்து உட்கார்ந்தது போலத்தான்.

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில், மேடைக்குப் பின்னால் ஒரு அம்மாள் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. செம்பைத் தலையில் வைத்தார், ஒற்றைக் காலில் நின்றார், கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டார். இறக்கினார். துணியை எடுத்துவிட்டு ஒரு கை மணலை அள்ளித் தரையில் கொட்டினார். திரும்ப வைத்தார், நின்றார். இன்னும் கொஞ்சம் கொட்டினார். “ஏம்மா, எப்பவும் வைக்கிறதுதானே?” என்றேன். “ரெண்டு நாளாக் காச்சல் தம்பி. இன்னிக்கு இந்தக் கழுத்து அவ்வளவுதான் கேக்குது” என்றார். எந்தத் தராசும் இல்லை. அன்றைய உடம்புக்கு அன்றைய எடை. பிறகு மேடையில் ஏணி ஏறினார், தரையில் உருண்டார், ஊசியைக் கண்ணிமையால் எடுத்தார். ஊர் கைதட்டியது. நான் அந்த இரண்டு கை மணலுக்குக் கைதட்டினேன்.

இதே கேள்வி சென்னை மால்களில், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பவுலிங் ஆடப் போகிறவர்களுக்கும் வருகிறது. அங்கே வரிசையாக வண்ண வண்ணப் பந்துகள். விதிப்படி ஒரு பந்து பதினாறு பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 7.26 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று பழைய கணக்கு ஒன்றும் சொல்வார்கள். புதிதாக ஆடுகிறவர் இருப்பதிலேயே லேசான பந்தை எடுத்து, மணிக்கட்டால் முறுக்கி எறிகிறார். அது கட்டைகளில் பட்டதும் திசை மாறி ஓரமாக ஓடிவிடுகிறது. கனம் மிஞ்சிய பந்தை எடுத்தவருக்குத் தோள் சாய்ந்து கால் தடுமாறுகிறது. சரியான பந்து தன் பாரத்திலேயே கையை ஊசலாட்டி முன்னால் கொண்டுபோகும். கை அதை எறிய வேண்டியதில்லை, விட்டால் போதும். வலங்கைமான் அம்மாளுக்கு அந்தப் பந்தைக் கொடுத்தால் தனக்கு எது சரி என்பதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார் என்றே நினைக்கிறேன்.

பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைக் கரகத்தில் பொருத்திப் பார்த்தால் சுவையாக இருக்கிறது. ஐம்பது கிலோ உடம்புக்கு ஐந்து கிலோ. நான் தூக்கிப் பார்த்த செம்புகளும் அதை ஒட்டித்தான் வருகின்றன. 1986இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. கென்யாவின் லுவோ இனப் பெண்கள் தலையிலும், கிகுயு இனப் பெண்கள் நெற்றியில் மாட்டிய வாரிலும் சுமை தூக்கி நடக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமந்தும் அவர்களுக்குச் செலவு கூடவே இல்லை. சிறு வயதிலிருந்தே சுமந்து பழகிய உடம்பு, நடையையே ஊசல் போல அமைத்துக்கொண்டு பாரத்தை விழுங்கிவிடுகிறது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வரப்பின் மேல் கட்டுச் சுமந்து பழகிய நம் பெண்களின் கழுத்தும் அந்தப் பள்ளியில் படித்ததுதான். ஆனால் அது நடை. ஆட்டத்தில் சுழற்சி உண்டு, துள்ளல் உண்டு, சட்டென நிற்பது உண்டு. ஆகவே நடக்கிறவருக்குத் தாங்கும் பத்து கிலோவை ஆடுகிறவர் மேல் ஏற்றுவது அநியாயம்.

மாதத்துக்கு மாதம் எடை மாற வேண்டும் என்றும் எனக்கு ஒரு எண்ணம். ஆடி மாதத்துக் காற்றைத் தஞ்சைச் சீமையில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறந்த வெளியில் பூக்கூம்பு அந்தக் காற்றை முழுசாக வாங்கும். பங்குனியில் ஆடிய அதே செம்பு ஆடியில் ஒரு பிடி மணல் கூடக் கேட்கும். இல்லையென்றால் கூம்பைக் குட்டையாக்க வேண்டும். உச்சியில் வைக்கும் கிளி எப்போதும் காகிதமாகவோ தக்கையாகவோ இருப்பது நல்லது. நம் குளங்களில் விளையும் நெட்டி இருக்கிறதே, தஞ்சாவூருக்கே பேர் வாங்கித் தந்த கைவேலை, அதைப் போல லேசான பொருள் தேடினாலும் கிடைப்பது அரிது. மேலே நெட்டி, கீழே மணல் என்று அமைந்த கரகம் கண்ணுக்கும் அழகு, கழுத்துக்கும் இதம். எவர்சில்வர் செம்பு மினுங்குகிறது என்று மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கனத்த பித்தளை அடியில் கிடைக்கும் நிதானம் அந்த மெல்லிய தகட்டில் வராது.

குடத்தோடு ஆடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காவிரி கடலில் கலக்கும் புகாரில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதில் மாயோன் ஆடிய குடக்கூத்தும் ஒன்று. அதுதான் இன்றைய கரகமாக வளர்ந்தது என்று ஆய்வாளர்கள் சிலர் தொடர்புபடுத்துகிறார்கள். நேரடி வாரிசோ இல்லையோ, உலோகத்தாலும் மண்ணாலும் ஆன குடங்களைக் கொண்டு ஆடியதாக உரை சொல்வது எனக்குப் போதும். மண்குடத்தின் எடை வேறு, உலோகக் குடத்தின் எடை வேறு. எதை எப்போது எடுப்பது என்று அன்றும் யாரோ ஒருவர் தலையில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பார்.

1989இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபோது தமிழ்நாடு முழுவதும் கரகத்தைக் கொண்டாடியது. இளையராஜாவின் பாட்டு இன்றும் திருவிழாக்களில் ஒலிக்கிறது. அந்தப் படத்தால் கலைக்கு வந்த கவனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன்பின் பல ஊர்களில் கூட்டம் உடையைப் பார்க்கவும் இரட்டை அர்த்தப் பேச்சைக் கேட்கவும் வந்தது. செம்பைப் பார்க்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆடுகிறவரும் மனிதர்தானே. கூட்டம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். செம்பில் மணல் குறைந்தது, சில இடங்களில் கூம்பைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்கள் என்றுகூடக் கேள்விப்பட்டேன். பார்க்கிறவர்கள் எடையைக் கவனிக்கத் தொடங்கினால் இது மாறும். அடுத்தமுறை கரகம் பார்க்கப் போனால் பக்கவாட்டில் உட்காருங்கள். செம்பின் வாயையும் பின்னால் இருக்கும் விளக்குக் கம்பத்தையும் ஒரே நேரத்தில் பாருங்கள். தவில் காலம் கூட்டும்போது, அந்த வாய் கம்பத்தில் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே இருந்தால் நீங்கள் ஒரு பெரிய கலைஞர் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தஞ்சாவூரில் 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது, 1986இல் தென்னகப் பண்பாட்டு மையம் வந்தது. நாட்டுப்புறக் கலைகளின் பாட்டையும் அடவையும் உடையையும் பதிவு செய்யும் வேலை நிறைய நடந்திருக்கிறது. எடையையும் யாராவது குறித்துவைத்தால் நன்றாக இருக்கும். பயிற்சி கொடுக்கும் வாத்தியார்கள் ஒரு சின்னத் தராசு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பிள்ளையின் எடை, வயது, செம்பின் எடை, மணலின் எடை, எந்த மாதம் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். கழுத்தெலும்பு முற்றாத சிறு பிள்ளைகளுக்கு எடை ஏற்றவே வேண்டாம். முதலில் முழங்கால் மடங்கப் பழகட்டும். வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி கைப்பிடியாக மணலைக் கூட்டி, தோள் ஏறாமல் மூச்சு சீராக இருக்கும் அளவில் நிறுத்தட்டும். ஐம்பது தாண்டியவர்கள் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக விளம்ப காலத்தில் அடவை அழகுபடுத்திக்கொள்ளலாம். அப்படி ஆடுகிற மூத்த கலைஞர்கள் இன்றும் டெல்டா ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கழுத்துக்கு மட்டும் தெரிந்திருக்கிற அந்தக் கணக்கை, அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.