தூரம் அளக்கும் விரல்

எப்சன் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது பிரிண்டர். ஜெராக்ஸ் கடையிலும் ஸ்டூடியோவிலும் அந்தப் பெயரைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதே நிறுவனம் 2004இல் ஒரு கேமரா கொண்டுவந்தது. பெயர் ஆர்-டி1. இரண்டு பிம்பங்களைப் பொருத்தித் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் உலகின் முதல் டிஜிட்டல் கேமரா அதுதான். ரேஞ்ச்ஃபைண்டர் என்றாலே லைக்கா என்று பெயர் வாங்கிய நிறுவனம் தன் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான எம்8ஐ வெளியிட இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆர்-டி1இன் உடற்கூட்டைச் செய்துகொடுத்தது கொசினா. எப்சன், கொசினா இரண்டுமே ஜப்பானின் நாகானோ மலைநாட்டைச் சேர்ந்தவை. மலைநாட்டில் பிறந்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜவ்வாது மலையில் திரிவது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

6.1 மெகாபிக்சல். இன்றைய சாதாரண செல்போன்கூட எண்ணிக்கையில் இதைத் தாண்டிவிடும். அந்தக் கணக்கை அங்கேயே விட்டுவிட்டு மேல்தட்டைப் பாருங்கள். கைக்கடிகாரத்தின் முகப்பு போலவே ஒரு வட்டம், அதற்குள் நான்கு முட்கள். இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்பதைப் பெரிய முள் சொல்லும். பேட்டரி, வெண்மைச் சமன், படத்தின் தரம் மூன்றுக்கும் சின்ன முட்கள். சுவிட்சைப் போட்டதும் நான்கும் எழுந்து தத்தம் இடத்துக்குப் போய் நிற்கும். அந்தக் கணத்தைப் பார்ப்பதற்காகவே சில நேரம் தேவையில்லாமல் சுவிட்சைப் போடுகிறேன். எப்சனின் பூர்வீகத் தொழில் கடிகாரம். சீக்கோவுக்காக சுவா நகரில் கைக்கடிகாரம் செய்தவர்கள் அவர்கள். 1969 டிசம்பரில் வெளிவந்த உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான அஸ்ட்ரான் அந்தப் பட்டறையில் உருவானதுதான். முள் எப்படி நகர்ந்தால் கண்ணுக்கு இதம் என்பதைத் தலைமுறையாக அறிந்த கைகள் செய்த முகப்பு இது.

அடுத்தது லீவர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். உள்ளே ஃபிலிம் கிடையாது. அதனால் பழைய காலத்தை நினைவூட்ட வைத்த அலங்காரம் என்று முதலில் தோன்றும். உண்மையில் ஷட்டரின் வில் முறுக்கேறுவது அந்த இழுப்பில்தான். மற்ற டிஜிட்டல் கேமராக்களில் ஒரு குட்டி மோட்டார் செய்யும் வேலையை இதில் நம் கை செய்கிறது. இழுக்கும்போது விரலுக்குத் தட்டுப்படும் அந்தச் சீரான எதிர்ப்பு, கடைசியில் வந்து நிற்கும் இடம், பிறகு பொத்தானை அழுத்தினால் சுருக்கமாக ஒரு ‘டக்’. ஒரே அழுத்தில் சரம்சரமாகப் படம் எடுக்க வழியில்லை. எடுத்த படத்துக்கும் எடுக்கப்போகும் படத்துக்கும் நடுவே கை ஒரு வேலை செய்தாக வேண்டும். அந்த இடைவெளியில் கண் இன்னொரு முறை பார்த்துவிடுகிறது.

கண்ணைப் பற்றிச் சொன்னால் வ்யூஃபைண்டரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரும்பாலான கேமராக்களின் கண்ணாடி வழியே பார்த்தால் உலகம் கொஞ்சம் சுருங்கித் தெரியும். ஆர்-டி1இல் உள்ளதை உள்ள அளவிலேயே காட்டுகிறார்கள். அதனால் இடது கண்ணை மூட வேண்டியதில்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டால், எதிரே உள்ள காட்சியின் மேல் வெள்ளைக் கோட்டுச் சட்டகம் ஒன்று மட்டும் மிதக்கிறது. சட்டகத்துக்கு வெளியே வருகிற ஆளும் தெரிகிறார். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் சாலையில், விறகுக் கட்டோடு ஒருவர் வளைவைத் திரும்பி வருவதை அவர் சட்டகத்துக்குள் நுழையும் முன்பே பார்த்துவிடலாம். எங்கே வந்ததும் அழுத்துவது என்று முடிவு செய்ய நேரம் கிடைக்கிறது. எஸ்எல்ஆர் கேமராவில் பின்னணி மங்கிப்போய்த் தெரியும். இதில் அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள மலை விளிம்பும் ஒரே கூர்மையில் நிற்கின்றன. எதைத் தெளிவாக வைப்பது என்பது நம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் முறையில்தான் எனக்கு இந்தக் கேமராவின் மேல் தீராத காதல். ஃபோகஸுக்காக முன்பக்கத்தில் இரண்டு சாளரங்கள். ஒன்றின் வழியே கண் பார்க்கிறது. மற்றதன் வழியே வரும் காட்சி, உள்ளே திரும்பி, வ்யூஃபைண்டரின் நடுவில் ஒரு சின்னச் செவ்வகமாக விழுகிறது. ஒரே ஆள் அங்கே இரண்டாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் மற்றதை நோக்கி நகர்ந்து வரும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஃபோகஸ் முடிந்தது. இரண்டு சாளரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் 38.2 மில்லிமீட்டர். அந்த அடிக்கோட்டை வைத்து, எதிரே நிற்பவர் எத்தனை மீட்டரில் இருக்கிறார் என்று பெட்டி முக்கோணக் கணக்குப் போட்டுவிடுகிறது. நட்சத்திரங்களின் தூரத்தை வானியலாளர்கள் அளந்ததும் இந்தக் கணக்கால்தான். 1838இல் பெசல் முதன்முதலாக ஒரு நட்சத்திரத்தின் தூரத்தைச் சொன்னபோது, சூரியனைச் சுற்றும் பூமியின் பாதையின் இரண்டு எதிர்ப்புறங்களே அவருக்குச் சாளரங்கள். அடிக்கோடு ஏறக்குறைய 30 கோடி கிலோமீட்டர்.

இதைக் காவலூரில் நின்று நினைப்பது தனிச் சுகம். மலையின் மேல், காட்டுக்கு நடுவே, சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1968இல் அங்கே வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து கார்ல் ஸைஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகம் அறிந்த அந்த இரவில் காவலூருக்கும் பங்கு உண்டு. கார்ல் ஸைஸின் அதே யேனா பட்டறைதான் 1930களில் கான்டாக்ஸ் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கு லென்ஸ் செய்துகொடுத்தது. மலையிலுள்ள தொலைநோக்கிக்கும் கையிலுள்ள இந்த வகைக் கேமராவுக்கும் இடையே தூரத்துச் சொந்தம் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு சொந்தம் உள்ளே இருக்கிறது. ஆர்-டி1இன் சென்சார் சிசிடி வகை. 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்தது. 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் விண்மீன் ஒளியைப் பதிவு செய்ததும் சிசிடிதான். ஒளி விழுந்த ஒவ்வொரு கட்டத்திலும் மின்னூட்டம் சேரும். கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்களே, அப்படி ஒவ்வொரு கட்டமும் தன்னிடம் சேர்ந்ததைப் பக்கத்துக் கட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டே போய், கடைசி மூலையில் ஓரிடத்தில் எல்லாம் அளக்கப்படும். இன்று செல்போன் முதல் பெரிய கேமரா வரை ஆளும் சிமாஸ் வகையில் ஒவ்வொரு கட்டமும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. சிசிடியின் நிறமே தனி என்று பலர் உருகுவார்கள். எனக்கும் அந்த நிறம் பிடிக்கும். ஆனால் சென்சாரின் மேலுள்ள வடிகட்டிக்கும், நிறத்தைக் கணக்கிட்ட பொறியாளர்களின் ரசனைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். எதனால் ஆனாலும் சரி, ஐஎஸ்ஓ 200இல் காலை வெயிலில் எடுத்த செம்மண் சுவர் செம்மண்ணாகவே இருக்கிறது. ஆரஞ்சாக மாறிவிடுவதில்லை. காய்ந்த சாமைத் தாளுக்கும் கூரைப் புல்லுக்கும் உள்ள மஞ்சள் வேறுபாடு தெரிகிறது. ஓடு நீக்கிய புளியின் ஈரப் பழுப்பு, நாள்பட்டுக் கறுத்த புளியிலிருந்து விலகி நிற்கிறது. உச்சி வெயில் மட்டும் இதற்கு ஆகாது. வெள்ளை வேட்டி வெறும் வெளுப்பாகப் போய்விடும். வேட்டியைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நிழல் நன்றாகக் கறுத்து, படத்துக்கு ஒரு கனம் வந்துசேர்கிறது.

மழையை நம்பி விதைத்த சாமை கதிர் முற்றித் தலைசாயும் பருவத்தில் இந்தக் கேமராவோடு ஒரு வயலில் நின்று பார்க்க வேண்டும். நடுச் செவ்வகத்துக்குள் ஆயிரம் கதிர், அதன் மேல் இன்னொரு ஆயிரம் கதிர். எதை எதனோடு பொருத்துவது? எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் எங்கு நிறுத்தினாலும் பொருந்தியது போலவே தெரியும். வரப்பின் கிடைக்கோடும் உதவாது. பிம்பம் பக்கவாட்டில் நகர்வதால் அதற்கு நிமிர்ந்த கோடு வேண்டும். அப்போதுதான் கண் தேடத் தொடங்குகிறது: காவல் குடிசையின் கால், அரிவாளோடு நிமிரும் பெண்ணின் புடவை ஓரம், நட்டுவைத்த கொம்பு. வயலில் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எது நிற்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்பது அந்தத் தேடலில் தானாகப் பிடிபடுகிறது. ஆட்டோஃபோகஸ் இருந்திருந்தால் இந்த வயலை நான் இவ்வளவு பார்த்திருக்க மாட்டேன்.

புளி தட்டும் காலத்தில் நேர்மாறான அனுபவம். பங்குனி, சித்திரையில் வாசலில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் இழுத்து, கொட்டை எடுக்கிறார்கள். கை அசைந்துகொண்டே இருக்கும், ஆள் அசைய மாட்டார். தூரத்தை ஒருமுறை அளந்து வைத்தால் போதும், அப்படியே இருக்கும். நான் போட்டிருப்பது கொசினா செய்த ஃபோக்ட்லெண்டர் 35 எம்எம் லென்ஸ். சென்சார் சிறியது என்பதால் இதில் அது ஏறக்குறைய 53 எம்எம் போல வேலை செய்யும். வளையத்தில் விரல் வைக்க ஒரு சின்னப் பிடி உண்டு. பழகிய பிறகு, அந்தப் பிடி எங்கே நிற்கிறது என்பதை வைத்தே தூரம் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. மார்கழிப் பனியில் நடுச் செவ்வகம் வெளிறிப்போகும்போது கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான். ஓடும் பஸ்ஸுக்குள்ளும் அப்படியே: மூன்று மீட்டர், எஃப்8 என்று வைத்துவிட்டால் சில சீட் தள்ளி உட்கார்ந்திருப்பவர் முதல் கண்டக்டர் வரை கூர்மைக்குள் வந்துவிடுவார்கள்.

70 சென்டிமீட்டருக்குள் இது ஃபோகஸ் ஆகாது. எறும்பும் பூவின் மகரந்தமும் கிடைக்காது. மரத்தின் உச்சியில் இருக்கும் பறவையும் எட்டாது. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் தூரமே இதன் ராஜ்யம். இந்த மலையின் ஒரு பகுதி அடங்கிய திருவண்ணாமலை மாவட்டத்தின் தலைநகருக்கு 1950 ஏப்ரலில் ஒருவர் இப்படி ஒரு ரேஞ்ச்ஃபைண்டரோடு வந்தார். பெயர் ஆன்ரி கார்ட்டியே-ப்ரெசோன். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர். ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்த நேரத்தில் வானில் ஒரு எரிவெள்ளி போனதைக் கண்டு கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8.47. காலமெல்லாம் அவர் விரும்பிப் பயன்படுத்தியது லைக்காவும் 50 எம்எம் லென்ஸும். என் கேமராவில் விழும் சட்டகம் ஏறக்குறைய அவர் பார்த்த அகலமே என்பதை நினைத்தால் கூச்சமும் உற்சாகமும் ஒன்றாக வருகின்றன.

மலையை விட்டு இறங்கினால் செங்கம் வட்டாரத்து நடுகற்கள். தொல்லியல் துறை 1972இல் நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுதியாக இவற்றை வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்தில் இன்ன அரசனின் இன்ன ஆண்டில், தொறு மீட்டுப் பட்டான், அதாவது கால்நடைகளை மீட்டு மாண்டான் என்ற வகையில் வீரனின் சாவைச் சொல்லும் கற்கள். செதுக்கு ஆழம் குறைவு. நேர் வெயிலில் வில்லும் குறுவாளும் கல்லோடு கல்லாக மறைந்துவிடும். வெயில் பக்கவாட்டில் தடவிப் போகும் காலையில் மட்டும் வீரனின் தோள் எழும், எழுத்தின் வளைவுகள் ஒவ்வொன்றாக நிழல் பிடிக்கும். கல்லின் நிமிர்ந்த விளிம்பு ரேஞ்ச்ஃபைண்டருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. இரண்டு விளிம்பும் சேரும் இடத்தில் விரல் நின்றுவிடும். 6 மெகாபிக்சலில் கல்லின் மேலுள்ள பூஞ்சைத் திட்டுகூடப் பிரிந்து தெரிகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பின்பக்கத் திரையை உள்முகமாக மடித்து மூடிவிடலாம். அப்போது கேமரா பழைய ஃபிலிம் பெட்டி போலவே ஆகிவிடும். நான் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பேன். திறப்பது கேட்பவர்களுக்காக.

“இதுல தெரியுமா கண்ணு?” என்றார் புளி தட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி.

“தெரியும் பாட்டி, இருங்க.” திரையைத் திருப்பிக் காட்டினேன். உள்ளங்கையை வெயிலுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“தாள்ல போட்டுக் குடுப்பியா?”

போடாமல் எப்படி? திருப்பத்தூரிலோ போளூரிலோ ஸ்டூடியோவில் கொடுத்தால் கையோடு வாங்கிவிடலாம். 3008க்கு 2000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் பத்து அங்குல அகலத்துக்குத் தாராளம். மலை வீடுகளுக்கு நான் கொண்டுபோவது மேக்ஸி சைஸ், அதாவது நாலுக்கு ஆறு. தாளின் விகிதம் மூன்றுக்கு இரண்டு, இந்தச் சென்சாரின் விகிதமும் அதுவே. பெரும்பாலான செல்போன் படங்கள் நாலுக்கு மூன்று. இந்தத் தாளில் நிரப்பிப் போட்டால் ஏதாவது ஓரம் வெட்டுப்படும், குடும்பப் படத்தில் அது யாருடைய பாதமாகவோ உச்சந்தலையாகவோ இருக்கும். இதில் சட்டகத்துக்குள் நின்ற அத்தனை பேரும் முழுதாக வருகிறார்கள். பாட்டி படத்தில் முதலில் பார்த்தது தன் முகத்தை இல்லை, பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டை. “ஆடு நல்லா வந்துருக்கு” என்றார். பிறகு மருமகளையும் பேத்தியையும் கூப்பிட்டு, யார் எங்கே நிற்பது என்பதையும் அவரே சொல்லி, என்னை இரண்டடி பின்னால் போகச் சொன்னார்.