திலகவதியார் தவமும் நாவரசர் தவமும்

உடலை வருத்தினால் உள்ளம் உரம்பெறும் என்பது பலர்க்கும் உடன்பாடான கொள்கை. பட்டினி கிடத்தல், வெயிலையும் குளிரையும் வலியச் சென்று தாங்குதல், கால் ஓயும்வரை நடத்தல் ஆகியவற்றால் மனத்திண்மை வளரும் என்று அக்காலத் துறவியர் எண்ணினர். இக்காலத்து உடற்பயிற்சி ஆசிரியரும் அவ்வாறே எண்ணுகின்றனர். தமிழில் இதற்குச் சான்று தேடுவோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது திருநாவுக்கரசரின் கயிலைச் செலவு. அத்துணைத் துன்பம் தாங்கியமையால் அன்றோ அவர் உறுதி பெற்றார் என்று வகுப்பிலும் மேடையிலும் விளக்கம் கூறப்படுவதுண்டு. பெரியபுராணத்தை முன்பின் நோக்கிப் படிப்பார்க்கு இவ்விளக்கம் பொருந்தாது.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய அந்நூலில் நாவரசர் புராணம் மட்டும் 429 பாடல்களால் ஆகியது. அப்புராணத்துள் ஒருவர் தாமே விரும்பி ஏற்ற துன்பம் மூன்று இடங்களில் வருகின்றது. கயிலைச் செலவு அவற்றுள் இறுதியில் நிற்பது. முன்னைய இரண்டையும் விட்டுவிட்டு அதனை மட்டும் எடுத்துப் பேசுவதனாலேயே பொருள் பிறழ்கின்றது.

முதலாவது திலகவதியாருடையது. பன்னிரண்டு வயதில் கலிப்பகையார்க்கு மணம் பேசப்பெற்றவர் அவர். தந்தை புகழனார் மறைந்தார். தாய் மாதினியாரும் உடன் சென்றார். போர்க்களத்தில் கலிப்பகையார் வீழ்ந்த செய்தியும் வந்தது. உயிர்விடத் துணிந்த தமக்கையின் அடிகளில் தம்பி மருணீக்கியார் விழுந்து அழுதார். தம்மைத் தனியே விட்டுச் செல்வதாயின் தாம் முன்னே உயிர்நீப்பதாகவும் சொன்னார். தம்பி வாழவேண்டும் என்ற ஒன்றற்காகத் திலகவதியார் வாழ ஒருப்பட்டார். அணிகலன் துறந்தார், எல்லா உயிர்களிடத்தும் அருள் பூண்டார், இல்லத்தில் இருந்தவாறே தவம் செய்தார். இறத்தல் எளிதாய் இருந்த வேளையில் இருத்தலை ஏற்றுக்கொண்ட இச்செயலைச் சேக்கிழார் சில பாடல்களிலேயே சொல்லி முடிக்கின்றார். சொல் குறைந்த இடத்தில் பொருள் குறைந்தது என்று கருதுவார் ஏமாறுவர்.

இரண்டாவது மருணீக்கியார் சமணம் புகுந்து தருமசேனராய் விளங்கிய காலத்தது. தலைமயிர் பறித்தல், நின்றுகொண்டே உண்ணுதல் முதலிய கடுநோன்புகளை அவர் உண்மையாகவே மேற்கொண்டார். பின்னாளில் தம் பதிகங்களில் அவற்றை நினைந்து வருந்தவும் செய்தார். பாடலிபுத்திரத்துப் பள்ளியில் சூலைநோய் வந்து வயிற்றைக் குடைந்தபோது, ஆண்டுக்கணக்கில் பயின்ற நோன்பு ஓர் இரவுக்கும் கைகொடுக்கவில்லை. பாயையும் பீலியையும் உறியையும் துறந்து, இருளில் தமக்கையிடம் ஓடினார் என்கின்றது புராணம். ஈண்டு ஒன்று கூறவேண்டும். சேக்கிழார் சைவர், சமண நோன்பின் சிறப்பை அவரிடம் எதிர்பார்த்தல் ஆகாது. நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டும், நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டப்பட்டும் நாவரசர் கலங்காமைக்குப் பள்ளியில் பயின்ற பொறையும் ஒரு காரணம் ஆகலாம் அன்றோ என்று வினவுவார் உளர். வினா நேரியதே. புராணம் அதனைத் திருவருள் என்று மட்டுமே சொல்கின்றது.

கயிலைச் செலவு மூன்றாவது. காளத்தியில் எழுந்த வேட்கையால் நாவரசர் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றார். வாரணாசியில் உடன்வந்தோரை நிறுத்திவிட்டுத் தனியே செல்கின்றார். இரவும் பகலும் நடந்து பாதம் பரடுவரை தேய்கின்றது, கைகளால் தவழ்கின்றார். கைகளும் மணிக்கட்டுவரை தேய, மார்பினால் உந்துகின்றார். மார்பும் நைந்து என்பு முறியப் புரள்கின்றார். பின்பு புரளவும் இயலாது கிடக்கின்றார். உறுப்பு உறுப்பாக உடல் விடைபெறும் இப்பகுதியைப் படிப்பார் உள்ளம் நடுங்கும்.

ஆயினும் இங்கே வளர்ந்தது எது? உடல் ஒவ்வொரு படியிலும் குறைகின்றது. உறுதியோ காளத்தியில் இருந்த அளவிலேயே இறுதிவரை நிற்கின்றது. முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடரால் கயிலை அடைதற்கரிது, மீள்க என்கின்றார். ஆண்டவன் இருக்கையைக் காணாது இவ்வழியும் உடல்கொண்டு மீளேன் என்று விடை வருகின்றது. புறப்பட்ட நாளில் கேட்டிருப்பினும் நாவரசர் இதனையே சொல்லியிருப்பார். உறுதி முன்னது, துன்பம் அதன் பின்னே வந்தது. துன்பம் ஈன்ற உறுதி என்று இதனை எவ்வாறு கொள்வது?

அன்றியும் அவர் கயிலையை அடையவே இல்லை. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுகின்றார். களிறும் பிடியும், சேவலும் பெடையும், மயிலும் குயிலும் இணையிணையாய் வரக்கண்டு, அவற்றில் இறைவனையும் இறைவியையும் காண்கின்றார். தேடிச் சென்றது காவிரிக்கரையில் கிடைக்கின்றது. கங்கையாடினும் காவிரியாடினும், காட்டில் திரிந்து கடுந்தவம் புரியினும், எங்கும் இறைவன் உளன் என்று உணராதார்க்குப் பயனில்லை எனத் தாமே ஒரு பதிகத்தில் அடுக்கிப் பாடியவர் நாவரசர். அப்பதிகத்தை அறிந்தே சேக்கிழார் கயிலைச் செலவை இவ்வாறு முடித்தாரோ எனத் தோன்றுகின்றது.

கயிலை நோக்கித் தேய்ந்த கால்களை உலகம் நினைவில் வைத்துள்ளது. சூலையொடு தம்பி வந்து விழுந்த இரவு கழிந்து விடியும் வேளையில், திருவதிகைக் கோயிலுக்குத் திலகவதியார் அலகும் சாணமும் தோண்டியும் ஏந்திச் சென்றதை நினைப்பார் சிலரே. நாள்தோறும் பெருக்கி, மெழுகி, மலர் தொடுத்து வந்தவர் அவர். தம்பி பின்னர்க் கையில் கொண்ட உழவாரம் அந்த அலகின் வழிவந்தது. கயிலைச் செலவுக்குப் பின்னும் அவர் அதனைக் கீழே வைக்கவில்லை. திருப்புகலூரில் அவர் உழவாரப் பணி செய்த இடத்தில் பருக்கைக் கல்லோடு பொன்னும் மணியும் கிடந்து ஒளிவிட்டன. வேறுபாடு கருதாது எல்லாவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார்.